பத்து வருஷம் கழித்தும் அழகாயிருக்குமா?

வானகரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற வேலை மிச்சம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே வண்டிகள் நகராமல் நின்றால், மறுநாள் முகூர்த்தம் என்று அர்த்தம். அத்தனை கல்யாண மண்டபங்கள் இங்கே! கறிகாய் வாங்கப் போகிற வழியில் மண்டப வாசல்களில் வந்து நிற்கும் கார்களை வேடிக்கை பார்ப்பது ரொம்ப நாளாக என் வழக்கம். "புடவையையும் நகையையும் பார்க்காமல் காரைப் பார்க்கிறாளே, இவள் என்ன பொம்பளை?" என்று நினைக்காதீர்கள். அதையும் பார்ப்பேன். ஆனால் எனக்கும் காருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

அந்தக் கணக்கை மறுபடியும் திறக்க வைத்தவன் என் மூத்த மகன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான்.

"அம்மா, இந்த வண்டியைப் பாரேன். எப்படி இருக்கு?"

வெளிநாட்டுக் கம்பெனியின் சொகுசுக் கார். கருகருவென்று, நீளமாக, வழுவழுவென்று இருந்தது. முன்பக்கத்தில் பெரிய கம்பி வலை, ஆளை விழுங்குகிற மாதிரி. இரண்டு பக்கமும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற விளக்குகள்.

"நல்லாத்தான்டா இருக்கு."

"இப்ப நல்லா இருக்கும்மா. பத்து வருஷம் கழிச்சும் நல்லா இருக்குமா? அதைச் சொல்லு. நீ எடுக்கற புடவை இருபது வருஷம் ஆனாலும் பழசாத் தெரியாதுன்னு உன் மருமக சொல்லிட்டே இருப்பா. அந்தக் கண்ணால இதைப் பாரு."

மருமகள் நம்மைப் பாராட்டினாள் என்றால் எந்த மாமியாருக்குத்தான் உச்சி குளிராது? கீரையைத் தள்ளிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே மீதி சமாச்சாரமும் வந்தது. முன்பணம் கட்ட வேண்டும். மீதிக்கு ஏழு வருஷ லோன். "திருநின்றவூர் மனை சும்மாத்தானேம்மா கெடக்கு? அதைக் குடுத்துட்டா முன்பணம் ஆயிடும். போர்டிகோவுல நிக்குதே அப்பாவோட காண்டஸா, அதையும் தள்ளிவிட்டா வண்டி நிறுத்த இடமும் ஆச்சு."

மனை என் பேரில் இருக்கிறது. அது எப்படி என் பேருக்கு வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்த யோசனை முடிய ஒரு மாசம் ஆயிற்று. சொகுசுக் காரின் அழகு எத்தனை வருஷம் தாங்கும் என்று இவ்வளவு தீவிரமாக யோசித்த பாட்டி இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்!

*

நான் முதன்முதலில் கிட்டே நின்று பார்த்த சொகுசுக் கார், என் கல்யாணத்துக்கு வந்த இம்பாலா. 1982 தை மாதம். மாப்பிள்ளை அழைப்புக்கென்று என் அப்பா வாடகைக்கு ஏற்பாடு செய்திருந்தார். மேல்கூரை இல்லாத திறந்த வண்டி. படகு மாதிரி நீளம். பின்னால் இரண்டு பக்கமும் பருந்து இறக்கை விரித்த மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் சம்பங்கி மாலை, இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு, நடுவில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு இவர். மாடி ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தபோது எனக்கு மாப்பிள்ளையைவிட வண்டிதான் முதலில் கண்ணில் பட்டது. திரும்பிப் போகும்போது அது கிளம்பாமல் அடம் பிடிக்க, என் அண்ணன்மார் தள்ளிவிட்டார்கள்.

அந்த இறக்கைக்கு ஒரு கதை உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஒரு போர் விமானத்தின் வாலைப் பார்த்து ஆசைப்பட்டு, 1948-ல் காடிலாக் காரின் பின்பக்கம் சின்னதாக ஒரு தூக்கல் வைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப் போயிற்று. அவ்வளவுதான், மற்ற கம்பெனிகளும் போட்டி போட ஆரம்பித்துவிட்டன. வருஷத்துக்கு வருஷம் இறக்கை வளர்ந்தது. 1959-ல் உச்சம். அதற்கப்புறம் ஐந்தாறு வருஷத்துக்குள் இறக்கை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வைத்தான் என்பதற்காக வைத்தது, பக்கத்து வீட்டுக்காரன் எடுத்ததும் போயிற்று.

நமக்குத் தெரியாததா இது? 1985-ல் "பூவே பூச்சூடவா" வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடை கடையாக ஏறி இறங்கினோமே! நானும் இரண்டு டஜன் வாங்கினேன். அந்தக் காலத்துப் போட்டோவில் என் முகத்தை விட்டுவிட்டு வளையலைப் பார்த்தே வருஷம் சொல்லிவிடலாம். ஆனால் அதே போட்டோவில் என் பக்கத்தில் நிற்கிற என் அம்மா கட்டியிருக்கும் அரக்கு நிறக் கோபுரக்கரைப் பட்டைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது.

*

1993-ல் இவருக்குக் கார் ஆசை பிடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் வைத்திருந்தார். தகடு வெட்டி, அமுக்கி, பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன சாமான்கள் செய்து கொடுக்கிற தொழில். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "ஒரு காண்டஸா வெலைக்கு வருது. கை மாறின வண்டிதான். ஆனா சுத்தமா இருக்கு" என்றார். என்ன சொல்ல வருகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என் கழுத்தில் இருந்த இரட்டை வடச் சங்கிலி ஆறு பவுன். அம்பத்தூர் ஓ.டி.யில் அடகு வைத்தோம். "ஆறே மாசம், மீட்டுடலாம்" என்றார். அந்த ஆறு மாசம் வரவே இல்லை. வட்டி ஏறி, சங்கிலி மூழ்கிப் போயிற்று.

இவர் மேல் எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன். வண்டி மேல்தான் கோபம். பல வருஷம் அதில் ஏறும்போதெல்லாம் கதவைக் கொஞ்சம் ஓங்கித்தான் சாத்துவேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி என்னவோ ராஜா மாதிரிதான் இருந்தது. நீண்ட மூக்கு, அகலமான டிக்கி, உள்ளே மூன்று பேர் தாராளமாகச் சாய்ந்து உட்காருகிற சோபா மாதிரி சீட்டு. அம்பாசிடர்களுக்கும் ஃபியட்களுக்கும் நடுவில் அது போனால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டி புதிதாக வந்தபோதே பழசு! இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி 1972-ல் கொண்டுவந்த ஒரு காரின் உடம்புதான் காண்டஸா. அங்கே அதன் காலம் முடிந்த பிறகு, அச்சுகளை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே 1984-ல் வெளியிட்டார்கள். முதலில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் என்ஜின்தான். பாரம் இழுக்க முடியாமல் திணறியது. பிறகுதான் ஜப்பானின் இசுஸு என்ஜின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. 2002 வரை அதே உடம்போடு செய்தார்கள்.

அங்கே பழசாகி ஒதுக்கப்பட்டது இங்கே எப்படி ராஜாவாயிற்று? பக்கத்தில் நிறுத்திப் பார்க்கப் புதுசு அதிகம் இல்லை, அவ்வளவுதான். 1957 வாக்கில் வந்த அம்பாசிடரும், 1964-ல் வந்த ஃபியட்டும்தான் பெரும்பாலும் அதற்கு அண்டை வீட்டுக்காரர்கள். பழசு என்பது தானாகத் தெரிவதில்லை. புதுசு ஒன்று பக்கத்தில் வந்து நின்றால்தான் தெரிகிறது.

வந்து நிற்கவும் செய்தது. 1991-க்குப் பிறகு கதவு திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1995-ல் சியலோ, 1998-ல் ஹோண்டா சிட்டி, அதே வருஷம் நம் திருவள்ளூரிலேயே செய்த மிட்சுபிஷி லான்ஸர். ஒரே நாளில் எங்கள் காண்டஸாவுக்கு வயசாகிவிட்டது. கல்யாண வீட்டில் இவர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் நிறுத்த ஆரம்பித்தார். "வெயில்ல நின்னா பெயிண்ட் போயிடும்" என்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அதே காலத்தில்தான் எனக்கும் அது நடந்தது. நாற்பது வயது. முன்நெற்றியில் நரை, இடுப்பில் சதை, கை வைத்த நைட்டி. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு வந்தபோது, ஒருத்தர் கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை. பாட்டிகளுக்காவது எழுந்து இடம் கொடுப்பார்கள். இளசும் இல்லாமல் முதுசும் இல்லாமல் நடுவில் நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. சகோதரிகளே, உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கலாம். காருக்கும் அப்படித்தான். எட்டு வயசிலிருந்து இருபது வயசு வரை அதற்கு நடுவயசு. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி, அந்தப் பன்னிரண்டு வருஷம் அது வெறும் "பழைய வண்டி"தான்.

*

அதைத் தாண்டிவிட்டால்? அதுதான் ஆச்சரியம். 2022-ல் ஒரு நாள் இரண்டு பையன்கள் வாசல் கேட்டைத் தட்டினார்கள். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர்கள். "அங்கிள், இந்த காண்டஸாவை ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா? பொண்ணு மாப்பிள்ளையை நிக்க வச்சுப் படம் எடுக்கணும். செம லுக்கா இருக்கு" என்றார்கள். இவர் முகத்தைப் பார்க்கணுமே! வண்டியைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முதல் நாள் ராத்திரி பத்து மணி வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

இதே மாதிரி தி.நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய பச்சை அம்பாசிடரைச் சுற்றி நின்று ஜனங்கள் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் வாடகைக்கு ஓடியபோது திரும்பிக்கூடப் பார்க்காத வண்டி. 2014-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகு எல்லோருக்கும் அது அழகாகிவிட்டது. வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் பேத்தியை அழைத்துப் போனபோதும் இதே கதைதான். பழைய கார் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "பாட்டி, இது சிரிக்குது, இது கோபமா இருக்கு" என்று அதற்கு முகம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆக, நடுவயசைத் தாண்டினால் எல்லாமே அழகாகிவிடுமா? இதை ஒரு ராத்திரி இவரிடமே கேட்டேன். தகட்டோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவர் அல்லவா?

"தாண்டறதுதாம்மா கஷ்டம்" என்றார். "வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்காரங்க 1985-ல ஒரு வண்டி விட்டாங்களே, ஸ்டாண்டர்டு 2000, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்துல ரோவர் கம்பெனியோட உடம்பு. 1977-ல ஐரோப்பாவுலயே அந்த வருஷத்துக்கான சிறந்த கார்னு பேர் வாங்கினது. அம்பு மாதிரி மூக்கு. ஆனா உள்ள வச்சது அரதப்பழசான என்ஜின். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நொண்டி நடந்த மாதிரி ஆயிடுச்சு. மூணே வருஷம், 1988-ல மூடிட்டாங்க. இன்னிக்கும் அந்த உடம்பு அழகுதான். ஆனா ரோட்டுல எத்தினி இருக்கு? நடுவயசுல எவனும் செலவு பண்ணலை. செத்துப் போச்சு. அழகா இருந்தா மட்டும் போதாது, எவனாவது வச்சுக் காப்பாத்தணும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இன்னொண்ணு. இப்ப வர்ற வண்டிங்க கதவைப் பாத்தியா? கத்தியால கீறினாப்பல எத்தினி மடிப்பு! பெரிய பிரஸ்ஸுல அமுக்கறப்ப அது சுலபமா வந்துடும். ஒரு தடவை இடிச்சுக்கிட்டு டிங்கர் வேலைக்குப் போகட்டும், பட்டி பூசி எத்தினி இழைச்சாலும் அந்த மடிப்பு அப்படியே திரும்ப வராது. பார்ட்டையே மாத்தணும். நம்ம வண்டிக் கதவு நெடுக ஒரே வளைவு. எந்த டிங்கரும் தட்டி எடுத்துடுவான்."

*

இவர் சொன்னதற்குப் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மெர்சிடிஸ் கம்பெனியில் 1975 முதல் 1999 வரை கார்களின் உருவத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் புரூனோ சாக்கோ என்று ஒருவர். இத்தாலியில் பிறந்தவர். அவர் வைத்திருந்த கொள்கை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புதுசாக ஒரு கார் வரும்போது, அது முன்னால் வந்த காரைக் கிழவியாகக் காட்டக் கூடாதாம். மருமகள் வந்தாலும் மாமியாருக்கு மரியாதை குறையக் கூடாது என்கிற மாதிரி! அவர் காலத்தில் 1984-ல் வந்த ஒரு மெர்சிடிஸைத்தான் 1995-ல் புனேயில் முதன்முதலாக இந்தியாவில் செய்தார்கள். அதன் படத்தைப் பார்த்தேன். மெழுகிய மாதிரி நேர்க்கோடுகள். தேவையில்லாத ஒரு கீறல் இல்லை. நாற்பது வயதானது என்று சொன்னால் நம்ப முடியாது.

இதற்கு நேர் எதிர் கதையும் உண்டு. 2001-ல் பி.எம்.டபிள்யூ கம்பெனி தன் பெரிய காரைப் புது மாதிரி செய்தது. டிக்கி மூடியை வேறு வண்டியிலிருந்து எடுத்து ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறது என்று ஜனங்களுக்குக் கோபம். வடிவமைப்புத் தலைவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் கொஞ்ச வருஷத்தில் மற்றக் கம்பெனிகளும் அதே மாதிரி டிக்கி வைக்க ஆரம்பித்துவிட்டன. அந்தப் பாணியில் வந்த இன்னொரு காரை 2007-ல் நம் செங்கல்பட்டுப் பக்கமே செய்யத் தொடங்கினார்கள். இன்று அது நம் தெருவில் போனால் அந்த டிக்கி யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதனால் முதல் பார்வையில் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு காரை "இது தேறாது" என்று தள்ளிவிடவும் முடியாது. இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட எச்சரிக்கை.

அப்படியானால் மகன் காட்டிய வண்டி?

அதன் பக்கவாட்டு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கூரையிலிருந்து டிக்கி வரை இழுத்த கோடு ஒரே மூச்சில் போட்ட கோலம் மாதிரி இருந்தது. அது தாங்கும். முகத்தில்தான் எனக்குச் சந்தேகம். கம்பி வலை அவ்வளவு பெரிசாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? பக்கத்துக் கம்பெனி பெரிசாக வைத்ததால் இவர்களும் பெரிசாக வைத்திருக்கிறார்கள். இறக்கை வளர்ந்த கதைதானே இது?

அதைவிட முக்கியம், உள்ளே இருக்கிற திரை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை டி.வி. மாதிரி வைத்திருக்கிறார்கள். குளிர் வேண்டுமானாலும் அதைத்தான் தொட வேண்டும், பாட்டு வேண்டுமானாலும் அதைத்தான் தொட வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய போனை இன்று யார் கையில் வைத்திருக்கிறோம்? காரிலேயே முதலில் கிழடாகப் போவது அந்தத் திரைதான். விளக்கும் அப்படியே. அம்பாசிடரின் உருண்டைக் கண்ணாடி விளக்கு உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைத்தது. இப்போது வருகிற விளக்குகளின் மூடி பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் நின்று நின்று மஞ்சள் பூத்துப்போய், கண்ணில் பூ விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. பாலிஷ் போடலாம், திரும்பவும் மஞ்சளாகும். மாற்றலாம் என்றால் விலை கேட்டுத் தலை சுற்றும்.

*

ஒரு மாசம் கழித்து ஷோரூமுக்கு எல்லோருமாகப் போனோம். இவருக்கு வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். மகன் ஆசையாகக் கதவைத் திறந்து, "உக்காருப்பா" என்றான். இவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டு அவ்வளவு தாழ்வு. உள்ளே எல்லாம் பட்டு மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கஷ்டம் இறங்கும்போதுதான். ஒரு கையால் கதவு, ஒரு கையால் கூரை விளிம்பு. இரண்டு தடவை எழும்பப் பார்த்து, மூன்றாவது தடவைதான் முடிந்தது. அழகுக்காகக் கூரையைத் தாழ்த்தியிருந்ததால் தலையும் லேசாக இடித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே முழங்காலைத் தடவிக்கொண்டார். மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.

(வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் ஒரு சின்ன யோசனை. காரில் ஏறும்போது முதலில் காலை உள்ளே வைக்க விடாதீர்கள். முதுகு சீட்டுப் பக்கம் இருக்க, முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது அதற்கு நேர் எதிர். சீட்டின் உயரம் முழங்காலுக்குக் கீழே இருந்தால் எழுந்திருக்க ரொம்ப சிரமம். வண்டி வாங்கும்போது வீட்டில் மூத்தவரை ஒரு தடவை உட்கார்த்தி எழுப்பிப் பார்ப்பது, என்ஜினைப் பார்ப்பதைப் போலவே முக்கியம்.)

அன்று ராத்திரி மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"பத்து வருஷம் கழிச்சும் நல்லா இருக்குமான்னு கேட்ட இல்ல? சொல்றேன் கேட்டுக்கோ. உடம்பு நல்லா இருக்கும். மூஞ்சி பழசாயிடும். உள்ள இருக்கற திரை அதுக்கும் முன்னாடி பழசாயிடும். இருபத்தஞ்சு வருஷம் வச்சிருந்தா திரும்பவும் நல்லா இருக்கும், யாராவது போட்டோ எடுக்க வருவாங்க. ஆனா நடுவுல இருக்கே, எட்டாவது வருஷத்துலேர்ந்து, அப்ப அதை நீ வச்சிருப்பியா?"

யோசித்தான். "வச்சிருக்க மாட்டேன்மா. மாத்திடுவேன்."

"லோன் எத்தினி வருஷம்?"

"ஏழு."

"அப்ப அது உன்னோடதா ஆகறதும், அதுக்கு வயசாகறதும் ஒண்ணாத்தான் வருது."

அவன் சிரித்துவிட்டான். அதற்கப்புறம்தான் மனை விஷயத்தைச் சொன்னேன். அவனிடம் இதுவரை சொன்னதே இல்லை. 2003-ல் ஒரு நாள் இவர் திருவள்ளூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு என்னைக் கையெழுத்துப் போட அழைத்துப் போனார். எதற்கு என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காண்டஸாவில் பத்திரத்தை என் மடியில் வைத்தார். சங்கிலி என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

மகன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான். "ஏம்மா இத்தினி நாள் சொல்லலை?" என்றான்.

"நீ கேக்கலை. அழகா இருக்குமான்னுதானே கேட்ட?"

மனை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அவனுக்கு ஆசை விட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் ராத்திரி போனில் கார் பார்க்கிறான். ஆனால் அப்பா ஏறி இறங்குகிற மாதிரி உயரமான வண்டியாகப் பார்க்கிறான் என்று மருமகள் சொன்னாள். தன் சம்பளத்துக்குள் அடங்குகிற லோனில் வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆசைப்பட வேண்டிய வயசில் ஆசைப்படாமல் வேறு எப்போது?

காண்டஸாவுக்கு எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற நேரம் வந்துவிட்டது. இந்த வயசு வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டினால்தான் 'வின்டேஜ்' என்று தனி நம்பர் தருவார்களாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு பெயிண்ட் டச்சப், சீட்டுக்குப் புது உறை. சீட்டுத் துணி எடுக்க இவர் என்னையும் கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வண்டி விஷயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

கடைப் பையன் சிவப்பில் கறுப்புக் கட்டம், வெள்ளி இழை தைத்தது என்று என்னென்னவோ எடுத்துப் போட்டான். நான் அடியில் கிடந்த ஒன்றை உருவினேன். காப்பிக் கொட்டை நிறம். பூ இல்லை, கட்டம் இல்லை, ஓரத்தில் ஒரே ஒரு தையல்.

"இது ரொம்ப ஓல்டு மாடலா தெரியும்மா" என்றான் பையன்.

"இப்பவே பழசாத் தெரியறது இனிமே எங்கே தம்பி பழசாகப் போகுது? இதையே தை" என்றேன்.